நானோ துகள் உடம்புக்குள் போனால் கிட்னி என்ன செய்யும்? இரும்பு ஊசி முதல் நானோ யூரியா வரை

சங்கரன்கோவில்: அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசாக இருக்காது. சலைன் பாட்டிலில் காபி டிகாஷனைக் கலந்த மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். துணைக்கு வந்த அம்மாவோ அத்தையோ, "என்னம்மா இது, ரத்தமா ஏத்துறீங்க?" என்று கேட்பார்கள். "ரத்தம் இல்லம்மா, இரும்புச்சத்து" என்று பதில் வரும்.

அந்த மருந்தின் பெயர் அயர்ன் சுக்ரோஸ். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கும் தமிழ்நாடு முழுக்கப் போடப்படும் ஊசி இது. பலருக்குத் தெரியாத ஒன்று, அது ஒரு நானோ மருந்து. இரும்பை மிக நுண்ணிய துகளாக்கி, மேலே சர்க்கரையைப் போர்த்தி ரத்தத்துக்குள் விடுகிறார்கள்.

அதே சமயம் ஊருக்கு வெளியே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால், மக்காச்சோளத்துக்குத் தெளிக்க நானோ யூரியா பாட்டில் வந்துவிட்டது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியில் நானோ, சன்ஸ்கிரீன் க்ரீமில் நானோ. எங்கே பார்த்தாலும் நானோ என்ற வார்த்தை. இதைக் கேட்கும்போது வரும் சந்தேகம் நியாயமானதுதான். உடம்புக்குள் போகிற எதையும் கடைசியில் கிட்னிதானே வடிகட்ட வேண்டும்? இவ்வளவு சின்னத் துகள் அங்கே போய் அடைத்துக்கொள்ளாதா? இல்லை, சிறுநீரோடு வந்துவிடுமா?

நேரடியான பதில் இதுதான். கிட்டத்தட்ட 6 நானோமீட்டருக்குக் குறைவான துகள் சிறுநீரில் வெளியேறிவிடும். அதைவிடப் பெரியவற்றில் பெரும்பாலானவை கிட்னியின் வடிகட்டியைத் தாண்டாமல் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடும். ஆனால் இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. துகள் என்ன பொருளால் ஆனது, அதன் மேல்பூச்சு என்ன, அது உடம்புக்குள் கரைகிறதா என்பதையெல்லாம் பொறுத்து, அதே கிட்னியைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இரண்டுக்குமே நிஜ உதாரணங்கள் இருக்கின்றன.

நானோ என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் விரல் நகம் ஒரு விநாடியில் வளர்வது சுமார் ஒரு நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டருக்கு மேல். ரத்த சிவப்பணுவின் விட்டம் 7,000 முதல் 8,000 வரை. கொரோனா வைரஸ் சுமார் 100. ரத்தத்தில் மிதக்கும் அல்புமின் என்ற புரதம் சுமார் 7. இந்தக் கடைசி எண்ணை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும்படி மனிதர்கள் திட்டமிட்டுத் தயாரிப்பதைத்தான் செயற்கை நானோ துகள் என்கிறார்கள். மருந்துத் துறையில் இதைவிடக் கொஞ்சம் பெரியவற்றையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது வழக்கம்.

மூன்று அடுக்குத் துணி

ஒரு கிட்னிக்குள் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நூல்கண்டு மாதிரிச் சுருண்ட ரத்தக்குழாய்க் கொத்து ஒன்று உண்டு. அதுதான் குளோமெருலஸ். இரண்டு கிட்னிக்கும் சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் ரத்தம் வருகிறது. ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம் சுமார் 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வருகிறது.

வடிகட்டி எப்படி இருக்கும்? விசைத்தறிக்குப் பேர்போன ஊர் என்பதால் சங்கரன்கோவில்காரர்களுக்குச் சொல்வது சுலபம். பாவு நூலும் ஊடை நூலும் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்துத்தானே துணி வழியாக எது போகும், எது போகாது என்பது? கிட்னியில் இப்படி மூன்று துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறது இயற்கை.

முதல் அடுக்கு ரத்தக்குழாயின் உள்சுவர். அதில் 70 முதல் 100 நானோமீட்டர் அகலத்தில் ஓட்டைகள் இருக்கும். கேட்டால் பெரிய ஓட்டையாகத் தெரியும், ஆனால் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான பூச்சு ஒன்று படர்ந்திருக்கிறது. இரண்டாவது அடுக்கு கொலாஜன், லாமினின் போன்ற புரதங்கள் பின்னிய சவ்வு. சுமார் 300 நானோமீட்டர் தடிமன். இதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். மூன்றாவது, போடோசைட் என்ற செல்கள். இவை இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி கால்களை நீட்டிக் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்த விரலிடுக்கில் இன்னொரு மெல்லிய வலை இருக்கிறது.

மூன்றையும் தாண்டினால்தான் சிறுநீர்ப் பாதை. அதுமட்டும் இல்லாமல், இந்த அடுக்குகளுக்கு எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் 6 முதல் 8 நானோமீட்டர் வரையிலான 'எல்லைக்கோட்டு' அளவுகளில், நேர்மின்னூட்டம் உள்ள துகள் ஓரளவு எளிதாக உள்ளே போகும், எதிர்மின்னூட்டம் உள்ளது தள்ளப்படும். அல்புமின் ரத்தத்திலேயே தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5.5 என்ற எண் எங்கிருந்து வந்தது?

க்யூஎல்இடி டிவி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதில் பளிச்சென்ற நிறம் கொடுப்பது குவாண்டம் டாட் என்ற நானோ படிகம். இதே ரகத் துகளைத்தான் 2007-ல் ஹக் சூ சோய், ஜான் ஃபிராஞ்சியோனி, மௌங்கி பவெண்டி உள்ளிட்ட விஞ்ஞானிகள் எலிகளுக்குச் செலுத்தினார்கள். ஒளிரும் துகள் என்பதால் உடம்புக்குள் எங்கே போகிறது என்று கேமராவிலேயே பார்க்க முடிந்தது. 4 நானோமீட்டரில் தொடங்கி 8-க்கு மேல் வரை, சிறிது சிறிதாக அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். சுமார் 5.5 நானோமீட்டருக்குக் குறைவானவை சில மணி நேரத்தில் சிறுநீர்ப்பையில் மின்னின. அதற்கு மேல் போனவை கல்லீரலில் தங்கின. பவெண்டிக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, குவாண்டம் டாட் தயாரிப்பு முறைக்காக.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 5.5 என்பது வெறும் படிகத்தின் அளவு அல்ல, மேல்பூச்சும் அதோடு ஒட்டிய நீரும் சேர்ந்த மொத்த அளவு. ரத்தத்துக்குள் விழுந்த எந்தத் துகளின் மீதும் நிமிடக்கணக்கில் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். 4 நானோமீட்டரில் தயாரித்தது ரத்தத்தில் 15 ஆகிவிட்டால் கிட்னி கதவு மூடியதுதான். அதனால்தான் புரதம் ஒட்டாத மேல்பூச்சு தேடுவதே இந்தத் துறையில் பாதி வேலை. நம் செல்களில் இயல்பாகவே இருக்கும் குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறைப் பூசிய 2 நானோமீட்டர் தங்கத் துகள்கள், எலிகளில் 24 மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் சிறுநீரில் வந்துவிட்டன.

மனிதர்களில்? அமெரிக்காவில் மெலனோமா புற்றுநோயாளிகள் ஐந்து பேருக்கு 6, 7 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகளைச் செலுத்திய முதல்கட்டச் சோதனையின் முடிவு 2014-ல் வெளியானது. துகள்கள் முக்கியமாகச் சிறுநீரில் வெளியேறின. கட்டியைப் படம் பிடித்துக் காட்டிவிட்டு உடம்பை விட்டுப் போய்விடும் துகள் வேண்டும் என்பதே அந்த ஆராய்ச்சியின் நோக்கம்.

சின்னது எப்போதும் வேகமாகப் போகுமா? அங்கேதான் ட்விஸ்ட்

சாதாரணச் சல்லடையில் சின்ன மணல் முதலில் விழும். கிட்னியில் அப்படி இல்லை என்று 2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜீ செங் குழு காட்டியது. 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்து ஒன்று. அதைவிடச் சின்னதாக 18, 15, 10 அணுக்கள் கொண்ட கொத்துகள். வழக்கமான கணக்குப்படி பத்து அணுக் கொத்துதான் முதலில் வெளியே வர வேண்டும். ஆனால் சின்னவை 4 முதல் 9 மடங்கு வரை மெதுவாக வெளியேறின. காரணம், முதல் அடுக்கின்மேல் படர்ந்திருக்கிறதே அந்தச் சர்க்கரைப் பூச்சு, அதில் சின்னவை சிக்கிக்கொண்டன. கூட்டத்தில் குழந்தைகள் ஒவ்வொரு கடையாக நின்று நின்று பின்தங்கிவிடுவதை ஆடித்தபசு அன்று தேரடியில் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு விசித்திரம், நீளமான துகள். 2020-ல் கீழடி பானை ஓடுகளின் உட்புறக் கருப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். சூளையில் தற்செயலாக உருவானவை அவை. இன்று அதே ரகக் குழாயை ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்கிறார்கள். சுமார் 300 நானோமீட்டர் நீளம், ஒரு நானோமீட்டர் தடிமன். நீளத்தைப் பார்த்தால் கிட்னி வடிகட்டியை எந்த வகையிலும் தாண்ட முடியாது. ஆனால் 2010-ல் வந்த ஓர் ஆய்வில் எலிகளின் சிறுநீரில் அவை சிரமமில்லாமல் வந்து சேர்ந்தன. ரத்த ஓட்டத்தின் போக்கில் குழாய் நேராகத் திரும்பி, ஊசி துணிக்குள் நுழைவதுபோலப் போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

வடிகட்டியைத் தாண்டாதவையும் கிட்னியை அண்டாது என்று சொல்லிவிட முடியாது. சுமார் 75 நானோமீட்டர் தங்கத் துகள்கள் குளோமெருலஸ் குழாய்களுக்கு நடுவே தாங்கலாக இருக்கும் மெசாஞ்சியம் என்ற பகுதியில் சேர்ந்தன, அதுவும் எலி ஆய்வில்தான். இன்னும் ஆச்சரியம், நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டேனியல் ஹெல்லர் குழு தயாரித்த சுமார் 400 நானோமீட்டர் பாலிமர் துகள். வடிகட்டி ஓட்டையைவிடப் பல மடங்கு பெரிய இது, கிட்னியின் நுண்குழல் செல்களில் மற்ற உறுப்புகளைவிட ஏழு மடங்கு அதிகமாகச் சேர்ந்தது. முன்வாசல் வழியாக வராமல், நுண்குழலைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய் வழியாகப் பின்வாசலில் நுழைந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். சிறுநீரக நோய்க்கான மருந்தை நேராக அந்த இடத்திலேயே இறக்க இது ஒரு வழியாகலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு.

அப்போ அந்தப் பழுப்பு மருந்து?

அயர்ன் சுக்ரோஸ் துகள், சர்க்கரைப் போர்வையோடு சேர்த்துப் பார்த்தால் எல்லைக்கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ரத்தத்தில் இறங்கியதும் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் உள்ள விழுங்கு செல்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. அங்கே இரும்பும் சர்க்கரையும் பிரிகின்றன. ஆரோக்கியமானவர்களில் அளந்து பார்த்தபோது, 24 மணி நேரத்தில் சர்க்கரையில் சுமார் 75 சதவீதம் சிறுநீரில் வந்தது. இரும்பு 5 சதவீதம் மட்டுமே. போர்வை வெளியே, சரக்கு உள்ளே. ஹீமோகுளோபின் செய்ய அந்த இரும்பு தேவை என்பதால் இப்படித்தான் நடக்க வேண்டும்.

வெறும் இரும்பைக் கரைத்து நேராக நரம்பில் ஏற்றினால் என்ன? ஆபத்து. எதோடும் சேராத இரும்பு ரத்தத்தில் திரிந்தால் ரத்தக்குழாய், கல்லீரல், கிட்னி என்று எல்லா இடத்திலும் செல்களைச் சிதைக்கும். சர்க்கரைப் போர்வை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. செவிலியர் சொட்டின் வேகத்தைக் கூட்ட மறுப்பதற்குக் காரணமும் இதுதான். "சீக்கிரம் முடிச்சு விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.

2021: ஒரு நானோ மருந்துக்காக மாநிலமே அலைந்த மாதங்கள்

கிட்னியும் நானோ துகளும் தமிழ்நாட்டில் நேருக்கு நேர் சந்தித்த பெரிய சம்பவம் என்றால் அது கருப்புப் பூஞ்சைதான். அன்று யாரும் அதை இந்தப் பெயரில் பேசவில்லை.

கொரோனா இரண்டாவது அலை, 2021 மே மாதம். கொரோனாவிலிருந்து மீண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மூக்கு, கண், தாடை என்று மியூகார்மைகோசிஸ் பரவத் தொடங்கியது. அறிவிக்க வேண்டிய நோயாக அதைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம் பக்கத்து மக்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுதான். அங்கேயும் சென்னை, மதுரை மருத்துவமனைகளிலும் டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி. கடையில் இல்லை. மத்திய அரசு மாநிலங்களுக்குக் குப்பிகளை எண்ணிப் பிரித்துக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை விஷயம் போனது.

ஆம்ஃபோடெரிசின் பி புது மருந்து இல்லை. 1950களிலிருந்து இருக்கிறது, விலையும் குறைவு. பிறகு ஏன் அந்த 'லைபோசோமல்' வகைக்கு இத்தனை தேடல்?

பதில் கிட்னியில் இருக்கிறது. பூஞ்சையின் செல் சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்வது இந்த மருந்தின் வேலை. ஆனால் பழைய வடிவில் கொடுத்தால், அது கிட்னி நுண்குழல் செல்களின் சவ்விலும் அதே ஓட்டையைப் போட்டுவிடும். பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் ஒழுகும். கிட்னிக்கு வரும் ரத்தக்குழாயையும் அது சுருக்குவதால் வடிகட்டும் வேகமே இறங்கும். கிரியாட்டினின் ஏறும். ஏற்கெனவே பல வருஷம் சர்க்கரை இருந்து கிட்னி களைத்துப்போன நோயாளிக்கு இது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பூஞ்சையைக் கொன்று டயாலிசிஸில் உட்கார வைப்பது மாதிரி.

லைபோசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்ணிய குமிழி. நம் செல் சவ்வு எதனால் ஆனதோ கிட்டத்தட்ட அதே பொருள். அளவு 100 நானோமீட்டருக்குள். மருந்தை அந்தக் குமிழியின் சுவருக்குள் பதித்து வைத்துவிட்டால், கிட்னி வடிகட்டியை அது தாண்டாது, நுண்குழல் செல்லையும் சுலபத்தில் தொடாது. பூஞ்சையின் சுவரில் போய் ஒட்டும்போதுதான் மருந்து அவிழ்கிறது. மருந்து அதேதான். அதைச் சுமந்து போகும் வண்டியின் அளவு மட்டும் மாறியது.

எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 687 நோயாளிகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டின் முடிவு 1999-ல் வெளியானது. பழைய வகை கொடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு கிட்னி பாதிப்பு வந்தது. லைபோசோம் வகையில் 19 சதவீதம். பூஜ்யம் ஆகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மருந்து ஓடும்போது டாக்டர்கள் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்ததை சில குடும்பங்கள் சந்தேகமாகப் பார்த்தன. அந்தப் பரிசோதனை கிட்னிக்கான காவல்தான்.

தட்டுப்பாட்டின் கணக்கும் எளிது. வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் 50. ஆக ஒரே ஆளுக்குத் தினமும் 6 குப்பி, அதுவும் வாரக்கணக்கில். அபூர்வ நோய்க்கென்று கொஞ்சமாகத் தயாரித்துக்கொண்டிருந்த மருந்து ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தேவைப்பட்டபோது எப்படிப் போதும்?

எது கிட்னியைக் கெடுக்கும்?

கரைந்து உலோகத்தை விடும் துகள்தான் கவலைக்குரியது. 2006-ல் வந்த ஒரு சீன ஆய்வில் எலிகளுக்கு செம்பைத் துகளாக வாய்வழி கொடுத்தார்கள். சாதாரணப் பொடி என்றால், எடையில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தும் பாதி எலிகள் சாகவில்லை. சுமார் 24 நானோமீட்டர் துகள் என்றால் 413 மில்லிகிராமிலேயே பாதி எலிகள் செத்தன. கிட்னி, கல்லீரல், மண்ணீரல் மூன்றும் அடிவாங்கின. அதே செம்புதான். துகள் சின்னதாகும்போது மேற்பரப்பு பல மடங்கு கூடும், வயிற்று அமிலத்தில் வேகமாகக் கரையும், கரைந்தது ரத்தத்தில் ஏறும். இது எலிக்குக் கொடுத்த மிகப் பெரிய டோஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செம்புக் குடத்துத் தண்ணீரோடு இதை முடிச்சுப் போட வேண்டாம்.

குவாண்டம் டாட்டில் பல வகைகளுக்குள் காட்மியம் இருக்கிறது. துகள் முழுதாக வெளியேறினால் பிரச்சினை இல்லை. உடம்புக்குள் உடைந்தால், காட்மியம் நேராக கிட்னி நுண்குழலுக்கு வரும், 10 முதல் 30 வருஷம் வரை அங்கேயே தங்கும். மனிதர்களுக்கு மருத்துவத்தில் அந்த ரகத்தைப் பயன்படுத்தத் தயங்குவதற்கு இதுதான் பெரிய காரணம்.

வயலில் தெளிக்கும்போது

இஃப்கோ நிறுவனம் 2021-ல் அறிமுகப்படுத்திய நானோ யூரியா பற்றி விவசாயிகள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். மகசூல் வருமா? உடம்புக்கு ஆகாதா? முதல் கேள்வியில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே பலத்த சர்ச்சை உண்டு. 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது, முதலில் வந்த 500 மில்லி பாட்டிலில் இருந்தது 20 கிராம்தான், இது எப்படி அதற்கு ஈடாகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கிட்னியைப் பொறுத்தவரை யூரியா அந்நியப் பொருள் இல்லை. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து கல்லீரல் செய்வதும் யூரியாதான், கிட்னி தினமும் 20 கிராமுக்கு மேல் வெளியேற்றுவதும் அதைத்தான். தண்ணீரில் கரைந்துவிடும் பொருள் என்பதால் துகளாக நின்று வடிகட்டியை அடைக்கும் பேச்சுக்கும் இடமில்லை. அதற்காக பாட்டிலை அலட்சியமாகக் கையாளலாம் என்று அர்த்தமில்லை. துகள் சேர்ந்து கட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்த்த மற்ற பொருட்களும் உள்ளே இருக்கின்றன.

துத்தநாகம், செம்பு என்று உலோக நானோ உரங்களும் பேச்சில் வந்துவிட்டன. அங்கே கவனம் வேண்டும், குறிப்பாக மூச்சு வழியாக உள்ளே போவதில். 2017-ல் எடின்பரோவில் 14 ஆரோக்கியமான தன்னார்வலர்களைத் தங்க நானோ துகள் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். 24 மணி நேரத்தில் பெரும்பாலானவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. சுமார் 5 நானோமீட்டர் துகள் 30 நானோமீட்டரைவிட அதிகம் ஏறியது. நுரையீரல் வழியாகப் போன துகள் கிட்னி வரை பயணிக்கும் என்பதற்கு மனிதர்களிடமே கிடைத்த ஆதாரம் இது. ஸ்பிரேயர் டேங்கைத் தோளில் மாட்டுகிறவர்கள் எதிர்க்காற்றில் தெளிக்காமல், முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்வது இதனால்தான். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது இந்த அளவுத் துகளுக்குப் பொருந்தாது. விவசாயத்திலும் உணவிலும் வரும் நானோ பொருட்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

குடிதண்ணீர், பஸ்பம், க்ரீம்

தண்ணீர் விஷயத்தில் சென்னை ஐஐடி பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் வேலை நல்ல உதாரணம். ஆர்சனிக், கிருமி இவற்றை நீக்கும் நானோ பொருளை, இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் கூண்டுக்குள் பூட்டி வைப்பதுதான் அவர் குழுவின் உத்தி. துகள் தண்ணீரோடு வராது. கிருமியைக் கொல்ல வெளியே வரும் வெள்ளியின் அளவும் குடிநீருக்கான வரம்பில் பாதிக்கும் கீழேதான். அதாவது கிட்னி வரை போகும் வழியையே அடைத்துவிட்டார்கள்.

தங்க பஸ்பத்தில் சுமார் 60 நானோமீட்டர் அளவில் தங்கப் படிகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த அளவு கிட்னி வடிகட்டியைத் தாண்டாது. ஆனால் சரியாகத் தயாரிக்காத பஸ்பம், செந்தூரங்களில் மிஞ்சும் பாதரசமும் ஈயமும் கிட்னியைக் கெடுக்கும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. சித்த மருந்து எடுப்பவர்கள் பதிவுபெற்ற மருத்துவரிடம், உரிம எண் உள்ள தயாரிப்பை வாங்குங்கள். சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாக, டைட்டானியம் துகள்கள் காயமில்லாத தோலின் மேலடுக்கிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்பிரே வடிவம் மட்டும் மூச்சில் போகும், அதைத் தவிர்க்கலாம்.

ஏற்கெனவே கிட்னி பிரச்சினை இருந்தால்?

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் நல்ல கிட்னிக்கு. வடிகட்டும் வேகம் பாதியாகிவிட்டால், மணிக்கணக்கில் போக வேண்டிய துகள் நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். இது வெறும் அச்சம் இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போடும் கடோலினியம் மருந்து நானோ துகள் அல்ல, அதைவிடச் சின்ன மூலக்கூறு. நல்ல கிட்னி அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும். ஆனால் கிட்னி மிகவும் பழுதானவர்களில் சிலருக்கு அதன் பழைய வகைகள் உடம்பிலேயே தங்கி, தோலும் மூட்டும் இறுகும் நோயை உண்டாக்கின. 2006-க்குப் பிறகு அதற்குக் கடும் எச்சரிக்கை வந்தது. எனவே எந்த ஸ்கேன் மருந்துக்கும், புது ஊசிக்கும் முன்னால் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். "இது கிட்னி வழியா போகுமா, கல்லீரல் வழியா போகுமா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். அந்த ஒரு கேள்வியை வைத்தே டோஸ் மாறக்கூடும்.

உங்கள் வடிகட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன்கூட வேண்டாம். முதலில் சொன்ன அல்புமினை நினைவிருக்கிறதா? சுமார் 7 நானோமீட்டர். நல்ல வடிகட்டியில் அது கிட்டத்தட்டத் தாண்டவே கூடாது. சிறுநீரில் குச்சியை நனைத்து நிறம் பார்க்கும் பரிசோதனை, அந்த 7 நானோமீட்டர் துகள் கசிகிறதா என்பதைத்தான் சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் இதை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வெயிலில் நாள் முழுக்க வேலை செய்பவர்களும் வருஷத்துக்கு ஒருமுறையாவது காலையில் முதல் சிறுநீரை எடுத்துப்போய்க் காட்டலாம். குச்சி நிறம் மாறினால் அடுத்து ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை பார்த்த பிறகுதான் நாள்பட்ட சிறுநீரக நோயா என்று முடிவு செய்வார்கள்.